கை படாத பியர்

எங்கட மனுசன் குடிகாரன் இல்லை. அதை முதலே சொல்லிப்போடவேணும், இல்லாட்டி லண்டன் நோர்பரியில இருக்கிற எங்கட சனம் வேற கதை கட்டிவிடும். ஆனா பப்புக்குப் போற மனுசன். பெற்றோல் ஷெட்டில பகல் ஷிப்ட் முடிஞ்சா நேர அங்கதான். ஒரு கிளாஸை முன்னால வச்சுக்கொண்டு பப் பூட்டுமட்டும் குந்தியிருப்பார். பிறகு வீட்டை வந்து, ஆறின சோத்தைச் சாப்பிட்டு, "நல்லாயிருக்கு" எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் படுத்திடுவார்.

எண்பத்தேழில நான் இஞ்ச வந்து இறங்கினன். விம்பிள்டன் பிள்ளையார் கோயில்லதான் தாலி கட்டினது. யோகராஜா எண்ட பேரையும் ஒரு படத்தையும் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. கலியாணம் முடிஞ்சு ஒரு வருசம் போயும் அவ்வளவுதான் தெரிஞ்சிருந்தது. நாள் முழுக்கத் தனிய இருந்து சுவரோட கதைக்கிறது எவ்வளவு கொடுமை தெரியுமே? எனக்கு நகை வேண்டாம், சீலை வேண்டாம். வேலை முடிஞ்சு மனுசன் வீட்டை வரவேணும். அவ்வளவுதான்.

இதை நான் அழுதழுது சொன்னது பக்கத்து ரோட்டு டொலறஸ் அக்காவிட்ட. அவ துணிஞ்ச பொம்பிளை.

"அவருக்கு பியர்தானே வேணும், கௌரி? வீட்டிலயே போட்டுக் குடும். எங்கட ஆளும் முந்திப் போட்டவர். அந்த வாளி சும்மாதான் கிடக்குது."

"ஐயோ அக்கா! சாமிப்படம் இருக்கிற வீட்டில சாராயம் காய்ச்சிறதோ?"

"விசர்க்கதை கதையாதையும். சாராயமுமில்லை, காய்ச்சிறதுமில்லை. தோசைக்கு மா புளிக்க வைக்கிறமாதிரித்தான்."

அந்தச் சொல்லிலதான் நான் விழுந்தன். மா புளிக்க வைக்கிறது எனக்குத் தெரியாததே? இந்தக் குளிருக்குள்ள மாவைப் பொங்கி வழிய வச்சவள் நான். சுடுதண்ணித் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள்ள வச்சா எந்த மாவும் பொங்கும்.

வாளியோட ஒரு தகரமும் டொலறஸ் அக்கா வாங்கித் தந்தா. அதுக்குள்ள சீனிப்பாணி மாதிரிக் கறுப்பா, தடிப்பா பார்லி மால்ட் இருந்தது. அதை வாளியில ஊத்தி, சீனியும் சுடுதண்ணியும் விட்டுக் கரைச்சு, பச்சைத்தண்ணி விட்டு ஆறவச்சு, ஈஸ்டைத் தூவினன். தகரத்தோட வந்த இங்கிலிஷ் பேப்பரை ஆர் பாத்தது? முழங்கை மட்டும் கையை விட்டு நல்லாக் கலக்கினன். மாவெண்டா கைச்சூடு படவேணும், அப்பதானே புளிக்கும்!

புளிச்சுது. நல்லாவே புளிச்சுது.

அவருக்குத் தெரியாமப் போத்தல்ல அடைச்சு, பொறுத்திருந்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு முன்னால ஒரு கிளாஸ் கொண்டுபோய் வச்சன்.

"என்ன இது?"

"குடிச்சுப் பாருங்கோவன்."

ஒரு மிடறு குடிச்சார். கண் ரெண்டும் மூடுப்பட்டுது. முகம் ஒரு பக்கம் கோணிப் போச்சுது.

"இஞ்சாரும், இது வினாகிரி எல்லோ!"

எனக்கு வந்துதே ஒரு கோவம்! "ஓம், வினாகிரிதான்! போங்கோ, போய்ப் பப்பிலயே குடியுங்கோ! நீங்கள் வீட்டில இருக்கவேணும் எண்டுதான் நான் இந்த வாளிக்குப் பின்னால விசரி மாதிரித் திரிஞ்சனான்!" எண்டு கத்திப்போட்டு, அந்த இடத்திலயே குந்தி அழுதன்.

மனுசன் கிளாஸைத் தள்ளி வச்சார். பிறகு, "எப்பிடிச் செய்தனீர்?" எண்டு கேட்டார். சொன்னன். கை விட்டுக் கலக்கின இடம் வந்ததும் எழும்பிப் போய் அந்தப் பேப்பரைத் தேடி எடுத்து வாசிச்சார்.

"கை படவே கூடாதாம். வாளி, கரண்டி எல்லாம் கிருமி சாக மருந்து போட்டுக் கழுவவேணுமாம். நீர் முழங்கை மட்டும் விட்டிருக்கிறீர்!"

சிரிக்கத் துவங்கினார் பாருங்கோ, கண்ணால தண்ணி வர வரச் சிரிச்சார். அவர் அப்பிடிச் சிரிச்சு நான் அதுவரைக்கும் கண்டதில்லை. எனக்கும் அழுகையோட சிரிப்பு வந்திட்டுது.

"வாற சனிக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து போடுவம்," எண்டார்.

அந்தமுறை பேப்பரை அவர் வாசிக்க, நான் நீட்டுக் கரண்டியால கலக்கினன். திங்கக்கிழமை வேலை முடிஞ்சு நேர வீட்டை வந்தார். கோட்டும் கழட்டேல்லை. "பொங்குதோ?" எண்டு கேட்டுக்கொண்டே அலுமாரியைத் திறந்தார். வாளி மூடியில காத்துப் போக இருந்த சின்னக் குழாய் டொப், டொப் எண்டு சத்தம் போட்டுது. அதைக் கேட்டுக்கொண்டு ரெண்டு பேரும் படியில இருந்தம். சும்மா இருக்க ஏலுமே? கதை வந்துது. ஒவ்வொரு நாளும் வந்துது. அப்பதான் தெரியும், அவருக்குக் கத்தரிக்காயைக் கண்ணிலயும் காட்டக்கூடாதாம். ஒரு வருசமா அதைத்தான் "நல்லாயிருக்கு" எண்டு திண்டிருக்கிறார், பாவி மனுசன்!

ஆனா சத்தம் குறையக் குறைய எனக்குப் பயம் பிடிச்சுது. பியர் முடிஞ்சா இவர் திரும்பவும் பப்புக்குப் போயிடுவாரோ? பிள்ளையாரே, இந்த டொப் டொப் ஓயக்கூடாது எண்டு நேர்த்தி வச்சன். பியர் வாளிக்குத் தேங்காய் நேந்தவள் லண்டனில நான் ஒருத்தியாத்தான் இருப்பன்.

ஓய்ஞ்சுது. போத்தல்ல அடைச்சம். நாள் பொறுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தம். நுரை பொங்கி நிண்டுது. "சோக்காயிருக்கு," எண்டார். ஆனா ஒரு கிளாஸோட வச்சிட்டார். இன்னொண்டு ஊத்தப் போக, "வேண்டாம்" எண்டு தடுத்தார். 

அடுத்தநாள் வழமையான நேரத்துக்கு ஆள் வரேல்லை. சோறு ஆறிச்சுது. அலுமாரிக்குள்ள ஒரு சத்தமுமில்லை. எல்லாம் வீண்! இருக்கிற போத்தல் எல்லாத்தையும் ஊத்திவிடுறன் எண்டு ஒண்டைத் தூக்கிக்கொண்டு சிங்குக்கு முன்னால நிக்கேக்கதான் கதவு திறந்தது. கையில ஒரு பை.

"எங்க போனனீங்கள்? பப்பிலயே படுத்திருக்கலாமே!"

"தோண்டன் ஹீத் கடைக்கு. இஞ்சி வாங்க." பையைக் கொட்டினார். இஞ்சி, புளிப்புக்குத் தேசிக்காய், ஈஸ்ட். "ஜிஞ்சர் பியர் போடுவம். அது இஞ்சிச் சோடா மாதிரி, உமக்கும் குடிக்க ஏலும்."

"எனக்கேன்?"

"நேற்று நான் குடிக்க நீர் பாத்துக்கொண்டிருந்தீர். எனக்கு இறங்கேல்லை." சப்பாத்தைக் கழட்டுறமாதிரிக் குனிஞ்சுகொண்டு சொன்னார். "தனியக் குடிக்கிறதெண்டா அதுக்குப் பப் இருக்குத்தானே, கௌரி."

அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்.  சந்தோசம் எண்டா அப்பிடி ஒரு சந்தோசம். போத்தலை மெல்லக் கீழ வச்சன்.

"சரி, சரி. முதல்ல கையைக் கழுவுங்கோ," எண்டன்.

"நீரும்தான்," எண்டார்.

ரெண்டு பேரும் ஒரே குழாயில முழங்கை மட்டும் கழுவினம்.