ஸ்டூரே அனுப்பிய ஏலக்காய் பன்

இணையத்தில் எதைக் கண்டாலும் கைபேசியில் பிடிஎஃப் ஆக்கிச் சேமிக்காவிட்டால் ஸ்டூரேவுக்குச் சோறு இறங்காது. பேருந்து நேரம், பனி எச்சரிக்கை, பக்கத்து ஊர்ப் பல் மருத்துவரின் விடுமுறை அறிவிப்பு எல்லாம் அதற்குள் அடைபட்டுக் கிடந்தன. சேமித்த கையோடு தேவாலயப் பாடகர் குழு முழுவதற்கும் அனுப்பிவிடுவார்.

"பக்கம் காணாமப் போயிரும், பிடிஎஃப் போகாது" என்பார்.

போகாததுதான் வினையாயிற்று.

குழுவில் அவருக்குப் பக்கத்து நாற்காலி குன்வோர். அந்த அம்மாள் தன் சமையல் பக்கத்தில் ஏலக்காய் பன் செய்முறையைப் போட்டதுமே ஸ்டூரே சேமித்து, அவருடையதையே அவருக்கு எதற்கு என்று அவரை மட்டும் விட்டு மற்றவர்களுக்கெல்லாம் அனுப்பியும் முடித்துவிட்டார். அதில் சர்க்கரையின் அளவும் உப்பின் அளவும் இடம் மாறியிருந்தன. குன்வோர் சற்று நேரத்திலேயே பக்கத்தைத் திருத்திவிட்டார். ஸ்டூரே அதையும் பார்த்தார். திரும்ப அனுப்பினால் தன்னை அவசரக் குடுக்கை என்பார்களே என்று பேசாமல் இருந்துவிட்டார்.

வேறு ஊரென்றால் கிண்ணம் நிறைய உப்பைக் கண்டதும் கை நின்றிருக்கும். பால்டிக் கரையிலுள்ள இவர்கள் ஊரான ஹெர்னோசாண்டிலோ எழுதியிருப்பதுதான் சட்டம். ஞாயிறு வழிபாடு முடிந்து காபி மேசைக்குக் குழுவினர் ஆளுக்கொரு தட்டு பன் சுட்டுக் கொண்டுவந்தார்கள். கடித்தவர் வாயிலெல்லாம் பால்டிக் கடல் அலையடித்தது. ஒருவர் முகமும் சுளிக்கவில்லை.

"வித்தியாசமா இருக்கு" என்றார் பாதிரியார், கண்ணில் நீர் முட்ட. "குன்வோரோட செய்முறையாச்சே!"

குன்வோர் ஒரு வாய் கடித்தார். முகம் வெளுத்துவிட்டது.

அடுத்த பாட்டுப் பயிற்சியில் ஸ்டூரேவின் காதருகே சொன்னார்: "நான் அதைத் திருத்தினேன் ஸ்டூரே. பக்கத்தைப் பாத்தா சரியாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் அதைப் பாத்துத்தான் செஞ்சோம்னு சொல்றாங்க. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு போல. டாக்டர்கிட்டப் போறேன். அந்தப் பக்கத்தையும் மூடிடறேன்."

ஸ்டூரே அன்று பாடவில்லை. பாட்டு முழுவதும் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினார். சட்டைப்பையில் கைபேசி இரும்புக் குண்டாய்க் கனத்தது.

மறுநாள் குன்வோரின் வாசலில் நின்றார். கைபேசியைத் திறந்து நீட்டினார்.

"உன் புத்திக்கு ஒண்ணும் இல்ல. இது திருத்துறதுக்கு முந்தின பக்கம். நான்தான் அனுப்பினேன். நீ திருத்தினதும் தெரியும். வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

குன்வோர் கைபேசியை வாங்கி, உப்பின் அளவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பாவி மனுஷா! முதியோர் இல்லத்துக்கு என்னென்ன எடுத்துட்டுப் போறதுன்னு யோசிச்சு வெச்சிருந்தேனே!"

உள்ளே போய், உறைபெட்டியிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பன் ஒன்றை எடுத்துச் சூடாக்கி வைத்தார். கூடக் காபி வைக்கவில்லை. ஸ்டூரே கடைசித் துணுக்கு வரை தின்றார். குற்றம் மட்டும் கரையவில்லை.

"இப்ப சரியானத அனுப்பு. தப்பு யாரோடதுன்னும் எழுது."

எழுதினார்; அனுப்பினார். முதல் பதில் பாதிரியாரிடமிருந்து வந்தது.

"அப்போ வீட்ல மிச்சமிருக்கிறத நாங்க தின்னு தீர்க்க வேண்டாம்தானே?"

குன்வோர் சிரித்த சிரிப்பில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்டூரே தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் கேட்டார்.