காபன் என்கிற சிஸ்டர்

வெள்ளவத்தையில் சுபோதினி மீன் வைத்த கறுப்புப் பூனையும் கொட்டாஞ்சேனையில் மாக்ரெட் சோறு வைத்த கறுப்புப் பூனையும் ஒரே பூனை. ஒன்றைப்போல் ஒன்று இருந்த இரண்டு பூனைகள் அல்ல, ஒன்றுதான். நடுவில் பம்பலப்பிட்டியும் கொள்ளுப்பிட்டியும் கோட்டையும் புறக்கோட்டையும் கிடந்தன, பூனை அவற்றைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நின்றது, ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டது, ஒரே காதை ஒரே காலால் சொறிந்தது. இதை நெடுங்காலம் யாரும் கவனிக்கவில்லை. பூனையைத் தேடுகிறவர்கள் அது இல்லாத இடத்தில்தான் தேடுவார்கள். இந்தப் பூனையோ தேடிய இடத்திலெல்லாம் இருந்தது.

சுபோதினி உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் ரியூஷன் கொடுப்பவர். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், தொடர்மாடியின் நாலாம் மாடியில் தனியாக இருந்தார். அண்ணன்மார் கனடாவில். தாய் இறந்த கிழமை, தாய்க்கென்று வாங்கி மிஞ்சிய சூடை மீனைக் கீழே கொண்டுபோய் ஒரு பூனைக்கு வைத்தார். பிறகு நிறுத்த முடியவில்லை. ஒழுங்கையில் பூனைகள் பெருகியபோது கூட்டுப்பொறி ஒன்றை இரவல் வாங்கி, ஒவ்வொன்றாகப் பிடித்து, மிருக வைத்தியரிடம் கருத்தடை செய்வித்து, அடையாளத்துக்கு இடது காதின் நுனியை வெட்டுவித்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட்டார். பெயர்களை ஆவர்த்தன அட்டவணையிலிருந்து எடுத்தார்: நியோன், சிங்க், போரன், அயடின், றேடியம். கறுத்த உடம்பும் வெள்ளைக் கழுத்துமாக இருந்த பெண்பூனை காபன். காபனிடம் ஒரு பழக்கம் இருந்தது. சிலவேளை ஒழுங்கையின் நடுவில் நின்று மேலே குதித்து, கீழே ஒன்றுமே இல்லாத இடத்தில், மேசை உயரத்தில் உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொண்டிருக்கும். ஓட்டோக்கள் ஹோர்ன் அடித்துவிட்டுச் சுற்றிப் போகும்.

கொட்டாஞ்சேனையில் மாக்ரெட் தேவாலயத்தில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் உடுப்புகளும் கல்யாண உடுப்புகளும் தைப்பவர். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணன் வலன்ரைன் மட்டும்தான் கூட இருந்தார். அவரும் நாள் முழுக்க றேடியோவுடன் இருப்பவர். கோயில் மதிலால் வந்து வீட்டுக்குள் குதித்த பூனைக்குக் கன்னியாஸ்திரியின் உடுப்பு இருந்தபடியால் மாக்ரெட் அதற்குச் சிஸ்டர் என்று பெயர் வைத்தார். சிஸ்டர் படுப்பது தையல் மெஷினுக்கு மேல்.

வெள்ளவத்தையில் காபன் அகப்பட்டு வைத்தியரின் மேசைக்குப் போன மத்தியானம், கொட்டாஞ்சேனையில் சிஸ்டர் மெஷினுக்கு மேல் துணிபோலச் சரிந்தது. இடது காதின் நுனி தானாகக் கழன்று, ஒரு சொட்டு இரத்தமும் இல்லாமல், யாரோ ஒரு பிள்ளையின் வெள்ளைச் சாட்டின் துணியில் விழுந்தது. பிறகு வயிற்றில் ஒரு சதுரத்துக்கு மயிர் இல்லாமல் போய், அந்த இடத்தில் நீல நூலில் தையல் ஒவ்வொன்றாக வந்தது. மாக்ரெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டக் குனிந்து பார்த்தார். “யாரோ நல்லாத் தைக்கிறாங்க,” என்று வலன்ரைனிடம் சொன்னார். சொல்லிவிட்டு அழத் தொடங்கினார்.

அடுத்த நாள் சிஸ்டரின் கழுத்தில் ஒரு துணிப் பட்டி முளைத்திருந்தது. அதில் ஒரு ரெலிபோன் நம்பர். மாக்ரெட் அடித்தார்.

“உங்கட நம்பர் ஒரு பூனைட கழுத்தில இருக்கு.”

“ஓம், அது காபன்,” என்றார் சுபோதினி. “தையல் பிரிஞ்சால் ஆரும் கண்டு சொல்லட்டும் எண்டு கட்டினனான். எங்கை நிக்கிறாள்?”

“என்ட மெஷினுக்கு மேல.”

சுபோதினி திரும்பிப் பார்த்தார். “இல்லை அக்கா, அவள் இஞ்சை என்ரை குசினிக்கை எல்லோ இருக்கிறாள்.”

“எதுக்கு மேல?”

“ஒண்டுக்கும் மேலை இல்லை. சும்மா காத்திலை.”

“எவ்வளவு உயரம்?”

“என்ரை இடுப்புக்குக் கொஞ்சம் கீழை.”

மாக்ரெட் எழும்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று தன் இடுப்பைப் பார்த்தார். “அது என்ட மெஷின்தான்,” என்றார்.

சுபோதினி விஞ்ஞானம் படித்தவர் என்பதால் சந்தேகப்பட்டார். காபனின் முன்கால் ஒன்றை மஞ்சள் கரைசலில் தோய்த்தார். கொட்டாஞ்சேனையில், ஒரு மணப்பெண்ணின் முக்காட்டுத் துணியில், மஞ்சள் பாதம் வரிசையாகப் பதிந்தது. அந்தத் துணிக்கு மாக்ரெட் பேசிய பேச்சு ரெலிபோனில் வெகுநேரம் நீடித்தது. இருவரும் சிநேகிதிகளானது அன்றைக்குத்தான். திணிவை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்ற பாடத்தை அதற்கு அடுத்த சனிக்கிழமையும் சுபோதினி நடத்தினார். குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

மெல்ல மெல்ல விதிகள் பிடிபட்டன. பூனை தானாகச் செய்வதும் அதன் உடம்புக்கு நேர்வதும் இரண்டு பக்கமும் நடக்கும். ஆட்கள் தூக்கிக்கொண்டு போவது தூக்கிய பக்கத்தில் மட்டும். தின்பது இரண்டு பக்கமும் சேரும். இந்தக் கடைசி விதியால் பூனை பானைபோல் ஊதி, வைத்தியர் சுபோதினியைக் கடிந்துகொண்டார். காலைச் சாப்பாடு வெள்ளவத்தை, பின்னேரச் சாப்பாடு கொட்டாஞ்சேனை என்று முடிவாயிற்று.

“அக்கா, கேக் குடுத்தனீங்களோ?”

“இல்லயே மகள்.”

“மீசையிலை ஐசிங் கிடக்கு.”

“கல்யாண வீட்டுக் கேக்,” என்றார் மாக்ரெட் கடைசியில். “அவ கேட்டா.”

கொரோனா நோய்க் காலத்தில் கொட்டாஞ்சேனையை அடைத்து வைத்திருந்தபோது சுபோதினி இரண்டு நேரமும் மீன் வைத்தார். அடைபட்ட வீட்டில் ஒன்றும் கிடைக்காமலே சிஸ்டர் பளபளவென்று இருந்தது. மாக்ரெட்டும் வலன்ரைனும் பருப்பும் சோறும் தின்றுகொண்டு, பூனையின் மூச்சில் வந்த பாரை மீன் வாசத்தை மாறி மாறி மணந்தார்கள். இவ்வளவு நாளும் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய பூனை வீட்டிலேயே இருந்தது.

பெற்றோல் வரிசைகள் குறையத் தொடங்கிய வருடம் தொடர்மாடிச் சங்கத்துக்கு றொஹான் என்ற புதுச் செயலாளர் வந்தார். தன் காரின் பொனற்றில் பூனைக் கால்களைக் கண்ட நாளிலிருந்து அவர் நித்திரை கொள்ளவில்லை. பொது இடங்களில் பிராணிகள் இருக்கக்கூடாது என்ற விதியைத் தேடி எடுத்தார். ஒரு சனிக்கிழமை, சுபோதினி வகுப்பில் நின்ற நேரம், லொறி ஒன்று வந்து ஆறு பூனைகளையும் சாக்குகளில் கட்டிக்கொண்டு போயிற்று. எங்கே என்று வாசல் காவலாளிக்குத் தெரியவில்லை. றொஹானிடம் கேட்டபோது, தூரமாக, என்று மட்டும் சொன்னார்.

சுபோதினி படியில் உட்கார்ந்து மாக்ரெட்டுக்கு எடுத்தார். மாக்ரெட் அவர் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. “சிஸ்டருக்கு என்ன நடந்த? சுருண்டு உருண்டையாக் கிடக்கிறா. விரிக்கப் பார்த்தேன், ஏலாம இருக்கு.”

“சாக்குக்கை போட்டிட்டாங்கள் அக்கா.”

“அழாதீங்க. இவ சாப்பிட்டா அவவும் சாப்பிட்ட மாதிரித்தானே.”

“காபன் சாகாள். மற்ற அஞ்சுக்கும் ஆர் குடுக்கிறது? அதுகளுக்கு ஒரு இடந்தானே இருக்கு.”

மாக்ரெட் சிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தார். சுபோதினி வழக்கமாகப் போகும் பஸீரின் ஓட்டோவில் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தபோது சிஸ்டர் விரிந்திருந்தது. மயிரில் டீசல் மணத்தது, பாதங்களில் இரும்புக் கறள். இரண்டு பெண்களும் முதன்முதலாகச் சந்தித்த அந்த நேரத்தில் பூனை மடியிலிருந்து குதித்து, பதுங்கி, ஒருதரம் பாய்ந்து, வெறும் காற்றில் கால் வைத்து மறுபடி பாய்ந்து, சீலிங்குக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“அது கொண்டெய்னர் உயரம்,” என்றார் வலன்ரைன். “போர்ட்டுக்குள்ள கொண்டு போயிருக்காங்க.”

“போர்ட்டுக்குள்ள சும்மா லொறிய உடுவானா அங்கிள்?” என்றார் பஸீர். “இது ஒருகொடவத்தயா தான் ஈக்கும். யார்ட் பூரா கொண்டெய்னர் அங்க தானே ஈக்கி.”

வலன்ரைன் மேசைமேல் ஏறிச் சிஸ்டரைக் காற்றிலிருந்து இறக்கிக் கூடைக்குள் வைத்தார். மாக்ரெட் பொரித்த சாளை மீனை ஒரு பையில் எடுத்துக்கொண்டார். வலன்ரைன் வீட்டில் நிற்க, மற்ற மூன்று பேரும் ஓட்டோவில் ஏறினார்கள்.

ஒருகொடவத்தையில் யார்ட்டுகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு கேற்றுக்கு முன்னாலும் பஸீர் எஞ்சினை நிறுத்துவார். மாக்ரெட் ஒரு மீன் துண்டைக் கூடைக்கு முன்னால் ஆட்டிக் காட்டுவார், கொடுக்கமாட்டார். சிஸ்டர் கோபத்தில் கத்தும். மூன்று பேரும் காது கொடுப்பார்கள். கூடைக்குள்ளிருந்து மட்டும் சத்தம் வந்தால் அடுத்த கேற். இப்படியே போனதில் வெயில் சாய்ந்தது, சிஸ்டருக்கு மாக்ரெட்டில் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. பிறகு ஒரு கேற்றில், கொயரில் இரண்டு பேர் ஒரே சுரத்தைப் பிடித்ததுபோல, ஒரே மியாவ் கூடையிலிருந்தும் மதிலுக்கு அப்பாலிருந்தும் எழும்பியது. சுபோதினி ஓட்டோவிலிருந்து இறங்கி ஓடினார்.

காவலாளி இளம் பொடியன். மாக்ரெட் அவனை மல்லி, அதாவது தம்பி, என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் விசயத்தைச் சொன்னார். மத்தியானம் தொடக்கம் ஒரு கறுப்புப் பூனை கொண்டெய்னருக்கு மேலே நிற்கிறது, வேறு சில ட்ரெயிலருக்குக் கீழே இருக்கின்றன, யார் கூப்பிட்டும் வருகுதில்லை என்று அவன் சொன்னான். ஒரே பூனையைக் கூடையிலும் கூரையிலும் கண்டவன் தன் கதிரையைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தான்.

காபன் மேலே விளிம்பில் நின்று கீழே பார்த்தது. இறங்கப் பயந்தது.

“சிஸ்டரை ஓட்டோக் கூரையிலை விடுங்கோ அக்கா,” என்றார் சுபோதினி. “இவள் மீனைக் கண்டு குதிச்சால் அவளும் குதிப்பாள்.”

மாக்ரெட் கூடையின் மூடியை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தார்.

“அக்கா?”

“இவ்வளவு காலமும் ரெண்டும் கிட்ட வரல்ல,” என்றார் மாக்ரெட். “வந்து ஒண்டாப் போனா? அதுக்குப் பிறகு யாரோட வருவா?”

வரும் வழி முழுக்கச் சுபோதினி நினைத்துக்கொண்டு வந்ததும் அதைத்தான். அவர் ட்ரெயிலருக்குக் கீழே பார்த்தார். றேடியத்தின் வால் தெரிந்தது.

“உங்களோடை வரட்டும்,” என்றார். “முதல்லை இறங்கட்டும்.”

மாக்ரெட் அவரை ஒருதரம் நன்றாகப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்தார். ஓட்டோக் கூரையிலிருந்து சிஸ்டர் மீனுக்குக் குதித்தது. அந்தக் கணமே காபன் கொண்டெய்னரிலிருந்து குதித்தது. இரண்டும் மண்ணில் நேருக்கு நேர் வந்து நின்றன. அதாவது, பூனை தன்னைக் கண்டது. முதுகை வளைத்துச் சீறியது. பாய்ந்து தன் காதைக் கடித்தது. வலித்தபடியால் விட்டுவிட்டது. பிறகு இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகோடு முதுகாக உட்கார்ந்து, அறிமுகமில்லாத ஆள் பக்கத்தில் இருப்பதுபோல் உடம்பை நக்கத் தொடங்கியது. மாக்ரெட்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சுபோதினியும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஐந்து பூனைகளும் மீனுக்கு வெளியே வந்தன. அவற்றைத் தொடர்மாடிக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் மாக்ரெட் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். வலன்ரைன் றேடியோவின் சத்தத்தைக் கூட்டியதைத் தவிர எதிர்ப்பு ஒன்றும் காட்டவில்லை. காபன் சுபோதினியுடன் நாலாம் மாடிக்குத் திரும்பியபோது றொஹான் படியில் மறித்தார். இந்தப் பூனை அகற்றப்பட்டுவிட்டதே என்றார். இது கொட்டாஞ்சேனைப் பூனை, அங்கே ஒரு வீட்டில் இப்போதும் இருக்கிறது, வேண்டுமென்றால் கதைத்துப் பாருங்கள் என்று சுபோதினி ரெலிபோனை நீட்டினார். மாக்ரெட் பூனையை நுள்ளிக் கத்தவைத்தார். றொஹானின் காதிலும் காலடியிலும் ஒரே சத்தம் கேட்டது. அவர் சங்கத்தின் விதிகளை முழுக்க வாசித்தார். வேறு இடத்தில் இருக்கும் பிராணி இங்கே தெரிவதுபற்றி அதில் ஒன்றும் இருக்கவில்லை. அதன்பின் அவர் காருக்கு உறை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுபோதினி மீனுடன் கொட்டாஞ்சேனைக்குப் போனார். முதலில் ஐந்து பூனைகளைப் பார்க்க, பிறகு மத்தியானச் சோற்றுக்கு, பிறகு காரணம் சொல்லாமல். வலன்ரைன் இறந்தபோது மாக்ரெட்டுடன் ஒரு மாதம் தங்கினார். பூனை கிழடாகியது. சிறுநீரகம் பழுது என்று வைத்தியர் சொன்னார். சேலைன் வெள்ளவத்தையில் ஏறியது, கொட்டாஞ்சேனையில் கழுத்தடி வீங்கி வடிந்தது. சென்ற வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை, இரண்டு இடத்திலும், அது மூச்சை விட்டது.

“நான் அவளைக் கொண்டு வாறன் அக்கா,” என்றார் சுபோதினி ரெலிபோனில்.

“தேவயில்ல மகள். இங்கயும் தானே கிடக்கிறா.”

“தெரியும். எண்டாலும் வாறன்.”

பஸீர் ஓட்டோவை நிறுத்திவிட்டு, பின்வளவில் கறிவேப்பிலை மரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். மாக்ரெட் சிஸ்டரைக் கிடத்தினார். அதன்மேல் சுபோதினி காபனைக் கிடத்தினார். கைகளை எடுத்தபோது குழிக்குள் ஒரு பூனைதான் கிடந்தது. பஸீர் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு மண்ணைத் தள்ளினார். இரண்டு பூனைக்கென்று வெட்டியதால் குழி கொஞ்சம் பெரிதாகப் போயிருந்தது.

அதற்குள் மற்ற ஐந்தும் குசினி வாசலுக்கு வந்து கத்தத் தொடங்கின. சாப்பாட்டு நேரம் எப்போதோ கடந்திருந்தது. மாக்ரெட் கையைக் கழுவிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். சுபோதினி பக்கத்தில் உட்கார்ந்து மீனில் முள் எடுத்துக் கொடுத்தார்.