இரண்டு ஊரிலும் அவர்

அழைப்பிதழ் ஆறு மணிக்கு அச்சுக்குப் போகும். தில்லைநாயகி ரூ லூயி-பிளாங் தெருவில் இருந்த பயண முகவர் கடைக்குள் நுழைந்தபோது ஐந்தரை.

“அண்ணை, மெஹாம்னிலயிருந்து போட்ஸ்ஃபியூருக்குப் பிளேனில எவ்வளவு தூரம்?”

தவரத்தினம் கணினியிலிருந்து நிமிர்ந்தார். இருபது வருடமாக யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு விமானச்சீட்டு விற்பவர். இந்தப் பெயர்களை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

“எங்கை கிடக்கு அது?”

“நோர்வேயின்ரை வடக்குத் தொங்கலில. ரெண்டும் மீன் ஃபக்டரி ஊர். எங்கடை ஆக்கள் அங்கை வேலை செய்யினம்.”

“எத்தினை ரிக்கெற்?”

“ரிக்கெற் வேண்டாம். தூரம் மட்டும்.”

“தூரம் மட்டும் விக்கிற கடை இல்லைத் தங்கச்சி இது.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நெற்றியில் குங்குமம் இருந்தது.

அவளுடைய கணவர் சபாநடேசன் 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில், தவறவிட்ட பையை எடுக்கத் திரும்பிப் போனவர்; பிறகு வரவில்லை. பத்து வருடம் கழிந்துவிட்டது. இப்போது மகள் துஷாந்திக்குக் கல்யாணம். அழைப்பிதழில் அவர் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட வேண்டும் என்கிறார் புறநகர் செவ்ரானில் இருக்கும் அவளுடைய தமையன். போட்டால் குங்குமமும் போகும். இவ்வளவும் தவரத்தினத்துக்கும் தெரிந்த கதை.

“போன சனி காலமை மெஹாம்ன் ஃபக்டரி வாசலில அவரைக் கண்டதெண்டு ஒருத்தர் சொன்னவர். அண்டைக்கு மத்தியானமே போட்ஸ்ஃபியூர் கடையில கண்டதெண்டு இன்னொராள். ரெண்டு பேருக்கும் ஆளையாள் தெரியாது.”

“அங்கை இப்ப மத்தியானமும் இருட்டெல்லோ. முகம் தெரிஞ்சதோ?”

“நடை தெரிஞ்சதாம். இடது காலைச் சாய்ச்சு வைக்கிற நடை.”

“அப்ப ஏன் உங்களுக்கு ஒரு ஃபோன் எடுக்கேல்லை?”

“அதை அவர் வந்தாப்போலை கேப்பன்.”

“தமையன் என்ன சொல்லுறார்?”

“ஒரே நாளில ரெண்டு ஊரிலயும் நிண்டால் அது ஆள் இல்லையாம்.”

மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போனது. கண்ணாடி அதிர்ந்து நின்றது. தவரத்தினம் ஊர்ப் பெயர்களை எழுத்துக் கூட்டித் தட்டினார். தரைவழி, கடல் புகுந்த இடமெல்லாம் சுற்றிச் சுற்றிப் போனது. காலையில் வெளிக்கிட்டால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர முடியாது.

“நேர ஒரு எண்பது கிலோமீற்றர்” என்றார். “சின்னப் பிளேன் ஒண்டு ஓடுது. இருபது நிமிசம்.”

அவள் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தாள்.

“இருபது நிமிசம்” என்றாள். “அப்ப அது ஆள்தான்.”

கைபேசி அடித்தது. துஷாந்தி அச்சகத்தில் நின்றாள். அவளுடைய குரல் கடை முழுக்கக் கேட்டது.

“அம்மா, இவர் பூட்டப்போறாராம். அப்பாவுக்கு அதைப் போடுறதோ, விடுறதோ?”

“பொறு பிள்ளை.”

தவரத்தினம் போன சனிக்கிழமையின் பறப்புகளைத் திறந்திருந்தார். பனிப்புயல். இரண்டு ஓடுபாதைகளும் பூட்டு. காலையிலிருந்து இரவு வரை ஒரு விமானமும் எழும்பவில்லை. திரை அவர் பக்கம்தான் திரும்பியிருந்தது. அவர் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தில்லைநாயகி கைபேசியை நெஞ்சோடு பொத்திப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள்.

“அண்டைக்கும் அது பறந்ததுதானே அண்ணை?”