வளைந்து போகும் இடம்

மழைக் கோட்டு அக்குளில் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாக இறங்கும் தண்ணீர் முழங்கை வரை ஓடி, ஹாண்டில்பாரைப் பிடித்த விரல்களில் சொட்டும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அதையேதான் மாட்டிக்கொண்டாள். வேறு கோட்டு இல்லை.

“இந்த மழையில போய்த்தான் ஆகணுமா?” என்று படுத்தபடியே கேட்டான் கணவன். இரவுக் காவல் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான்.

“நான் போகலேன்னா இஸ்திரி மெஷின் ஒண்ணும் அழாது. வேற ஆள் நிப்பா, அது பாட்டுக்கு ஓடும்.”

அவன் சிரித்தானா, தூங்கிவிட்டானா என்று தெரியவில்லை. அவள் கதவைச் சாத்திவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளையெல்லாம் வெளுத்துக் கொடுக்கும் பெரிய லாண்டரியில் அவளுக்கு வேலை. எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. நேரம் தவறினால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அந்தக் கேட்டு ஒரே மாதிரிதான்.

கிடங்குகள் இருக்கும் நீளத் தெருவில் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. தெரு நடுவில் ஒரே பள்ளம் என்பதால் சைக்கிள்காரர்கள் எல்லோரும் சுவரை ஒட்டியே போனார்கள். பெடலை மிதிக்கவில்லை, தண்ணீரைத்தான் மிதித்தார்கள். பஞ்சர் கடைக்கு எதிரே வந்ததும் அக்காவின் கை தானாக ஹாண்டில்பாரை நடுத்தெருப் பக்கம் திருப்பியது. முன்னால் போன பால்காரரும் அங்கேதான் வளைந்தார். பின்னால் வந்தவர்களும் வளைந்தார்கள்.

அங்கே சாக்கடை மூடி லாரி ஏறி உடைந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. யாரும் எங்கேயும் போய்ச் சொல்லவில்லை. கேட்டு சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டியவர்கள் எங்கே நிற்பது? முதலில் பயந்து பயந்து வளைந்தார்கள். போகப் போக அது குழி என்பதே மறந்து, தெருவே அங்கு வளைவதாகப் பழகிவிட்டது.

“எங்க உன் ஜோடி?” என்றார் சூப்பர்வைசர், அவள் ஈரத்தோடு உள்ளே நுழைந்ததும். “புதுசா சேந்தவ இன்னும் வரல. விரிப்பை மறுமுனையில பிடிக்க ஆள் வேணாமா? மழைன்னா போதுமே, வீட்டுல உக்காந்துக்குவீங்களே!”

“அவ அப்படிப்பட்டவ இல்ல சார். பச்சைக் குழந்தையை வீட்டுல விட்டுட்டு வேலைக்கு வர்றவ.”

சொல்லிவிட்டு இயந்திரத்தின் முன் நின்றாள். வெந்நீர் வாசனையோடு முதல் விரிப்பு வந்தது. நேற்று மாலை புதியவள் கேட்டது நினைவுக்கு வந்தது. நாளைக்கு பஸ் ஓடலைன்னா எப்படிக்கா வர்றது?

“சைக்கிள்ல கிடங்குத் தெரு வழியா வந்துடு. நடுவுல மட்டும் போகாத. சுவரை ஒட்டியே வா. கண்ணை மூடிட்டு வரலாம்” என்று அக்காதான் சொல்லியிருந்தாள்.

விரிப்பு கையில் சுட்டது. சுவரை ஒட்டி என்று சொன்னவள் பஞ்சர் கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்கவில்லை, அது நினைவிலேயே இல்லை.

“சார், நான் வெளிய போகணும்.”

“இப்ப போனா இன்னிக்கு ஆப்சென்ட்தான்.”

“போட்டுக்குங்க.”

கிடங்குத் தெருவுக்கு ஓடினாள். தண்ணீருக்கு மேலே ஒரு சைக்கிளின் பின்சக்கரம் மட்டும் தெரிந்தது. புதியவள் பஞ்சர் கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். உயிர் இருந்தது. வலது கையை இடது கையால் ஏந்தியிருந்தாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை.

“இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டா. நான் பாக்கலேன்னா அவ்வளவுதான்” என்றார் கடைக்காரர். “மழை வந்தா யாராவது விழுறாங்க. இழுத்து விடறதே என் வேலையாப் போச்சு. பால்காரர் வேன் எடுத்துட்டு வரப் போயிருக்காரு.”

கடை முழுக்கப் பழைய டயர்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இத்தனை டயர் சும்மா கிடக்கே! ரெண்டை எடுத்து அங்க அடையாளமா வெச்சா கை தேஞ்சிடுமாய்யா உனக்கு?”

“ஏம்மா, நீ தினமும் என் கடை வாசல்லதானே வளைஞ்சு போற? ஒரு நாளாவது எறங்கிக் கேட்டியா?”

 அக்கா ஒரு டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், இன்னும் இரண்டை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். சைக்கிளைத் தூக்கிப் போட்டுவிட்டு, குழிவாயில் டயர்களை அடுக்கி, நடுவில் ஒரு கம்பை நிறுத்தினார்கள். அக்கா தன் மஞ்சள் மழைக் கோட்டைக் கழற்றி அதன் உச்சியில் கட்டினாள். சுவரோரமாக வந்த ஒரு சைக்கிள்காரர் தூரத்திலேயே அதைப் பார்த்து விலகிப் போனார். இவ்வளவுதான் வேலை. இதற்கு ஒரு வருடம்.

வேன் வந்தது. அக்கா நனைந்தபடி புதியவளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“குழந்தையை எப்படிக்கா தூக்குவேன்?” என்று அழுதாள் புதியவள். பிறகு, சந்தேகம் எதுவுமில்லாமல், சும்மா கேட்பது போலக் கேட்டாள்: “அங்க குழி இருக்கறது உங்களுக்கும் தெரியாதாக்கா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். அக்காவுக்கு அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை.

“தெரியும்மா. நான் விழலையே, அது போதும்னு இருந்துட்டேன். அந்தத் தெருவுல போற எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் அப்படித்தான் இருந்தோம். குழி உன்னைத் தள்ளல. தினமும் வளைஞ்சு போனோமே, நாங்கதான் தள்ளிவிட்டோம்.”

 சாய்வதற்கு வேறு இடமில்லாததாலோ என்னவோ, புதியவள் அக்காவின் ஈரத் தோளிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள்.