எண்பத்தொன்பதாம் ஆண்டுப் பழைய மாணவர்

தில்லையம்பலத்துக்குப் பாரிசில் இரண்டு கதிரைகள் உண்டு. ஒன்று, ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் அவருடைய பலசரக்குக் கடையின் காசு மேசைக்குப் பின்னால் இருப்பது. அது அவருக்குச் சோறு போட்டது, கூடவே இடுப்பு வலியையும் கொடுத்தது. மற்றது, வாகீசர் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் பிரான்ஸ் கிளைத் தலைவர் கதிரை. அது சோறு போடவில்லை. ஆனால் கலியாண வீடுகளில் முன் வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தது. ஆண்டு மலரின் முதல் பக்கத்தில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் படம் போட்டது. ஒன்பது வருடமாக அதில் இருந்து பழகிய மனிதருக்கு, அது இல்லாமல் எப்படி உட்காருவது என்பதே மறந்துபோயிருந்தது.

அந்தக் கதிரைக்குத்தான் ஆபத்து வந்தது, அதுவும் கூடைப்பந்தால்.

ஒவ்வொரு ஜூனிலும் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் புறநகரில் கூடைப்பந்துப் போட்டி வைக்கும். யாழ்ப்பாணத்தில் ஆறாம் வகுப்புப் பையனும் கல்லூரி மாணவன்தான். நாங்கள் எதையும் சின்னதாகச் சொல்லிப் பழகாத சனம். விளையாடுகிறவர் பழைய மாணவராகவோ அவருடைய பிள்ளையாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. அதை எல்லாரும் மதித்தார்கள். மீறுவதற்கு முன் ஒருமுறை வாசித்துப் பார்க்கும் அளவுக்கு மதித்தார்கள். ஏழு வருடமாகக் கோப்பை சந்திரோதயக் கல்லூரிக்கே போனது. அவர்களுடைய அணியில் இரண்டு பேருக்குத் தமிழில் பத்துவரை எண்ண வராது. இருவரும் தத்துப்பிள்ளைகள் என்று கடிதம் இருந்தது. வாகீசர் அணியிலோ எல்லாம் பெற்ற பிள்ளைகள், கொத்துரொட்டி தின்று வளர்ந்த நல்ல பிள்ளைகள். பந்து வந்தால் மரியாதையாக விலகி வழிவிடுவார்கள்.

செயலாளர் ஸ்ரீஸ்கந்தராசா ஒருநாள் கடைக்கு வந்து, வெண்டைக்காயை முறித்துப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னார்.

"இந்த முறையும் தோத்தமெண்டால், செப்டெம்பர் பொதுச்சபையிலை சனம் தலைவரை மாத்தச் சொல்லும் அண்ணை. என்னாலை மறிக்கேலாது."

மறிக்க மாட்டார் என்பது தில்லையம்பலத்துக்குத் தெரியும். அந்தக் கதிரையின் மேல் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கும் ஒரு கண் என்பது லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மிளகாய்த்தூள் விற்கிற எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே தேடினார்கள். பியர்ஃபித் என்ற புறநகரில் ஒரு பெடியன் அகப்பட்டான். பெயர் நிஷாந்தன், வயது இருபத்திரண்டு, உயரம் ஒரு மீற்றர் தொண்ணூற்றாறு. நல்ல பிரெஞ்சுக் கழகம் ஒன்றில் ஆடுகிறவன். தகப்பன் குணசேகரம் வன்னிக்காரர், ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவப் போய்ச் சமையற்காரராக உயர்ந்தவர். வாகீசர் கல்லூரிப் பக்கமே போகாதவர். அதுதான் ஒரே குறை. சங்கத்தின் கடிதத்தாளும் வட்ட முத்திரையும் கையில் இருக்கும்போது அதெல்லாம் ஒரு குறையா என்ன?

ஞாயிறு மத்தியானம் ஒரு தேநீர்க்கடையில் தகப்பனோடும் மகனோடும் பேச்சுவார்த்தை நடந்தது. தில்லையம்பலம் கல்லூரியின் பாரம்பரியத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். நிஷாந்தன் பாட்டுக் கேட்கக் காதில் செருகியிருந்ததில் ஒரு பக்கத்தைக் கழற்றி, "ஒரு மட்ச் கொம்பியான்?" என்றான். எவ்வளவு என்று கேட்கிறான். பாரம்பரியம் அந்த இடத்தில் முடிந்தது.

ஆட்டத்துக்கு முந்நூறு யூரோ, நல்ல சப்பாத்து ஒரு சோடி, மாதப் பயண அட்டைக்குக் காசு. ஊரில் கல்லூரி நூலகத்துக்குக் கூரை போடச் சேர்த்த பணம் இருந்தது. கூரை இன்னும் ஒரு மாரியைத் தாங்கும் என்று தலைவரும் செயலாளரும் மழையைக் கேளாமலே முடிவெடுத்தார்கள். அறிக்கையில் அதற்குப் பெயர் 'இளைஞர் ஊக்குவிப்பு'.

"உங்களுக்கு என்ன வேணும் தம்பி?" என்று தில்லையம்பலம் தகப்பனைப் பெருந்தன்மையோடு கேட்டார்.

குணசேகரம் தேநீரை மெதுவாக வைத்தார். "காசு பெடியன்ரை அண்ணை. எனக்கு அந்தக் கடிதம் வேணும், சீலோடை. ஆயுட்கால அங்கத்தவர் அட்டையும் வேணும்."

"அது என்னத்துக்கு?"

"இருபத்திரண்டு வருசமா இஞ்சை எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், பக்கத்திலை இருக்கிறவர் கேக்கிற முதல் கேள்வி, நீங்கள் எந்தப் பள்ளிக்கூடம் எண்டுதான். நான் சொன்னதும் அவர் மற்றப் பக்கம் திரும்பிக் கதைப்பார்."

இவ்வளவு மலிவாக முடிந்ததே என்று தில்லையம்பலத்துக்கு மனம் குளிர்ந்தது. எண்பத்தொன்பதாம் ஆண்டு என்று போட்டார். அந்த வருடத்துப் பதிவேடெல்லாம் ஷெல்லடியில் எரிந்துபோயிற்று என்று சொன்னால், யார் போய்ச் சாம்பலைக் கிளறப் போகிறார்கள்? கையெழுத்து வைத்தார். முத்திரையை வாயால் ஊதி ஊதிக் குத்தினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டவனும் அன்றைக்கு அப்படித்தான் சந்தோஷமாக இருந்திருப்பான்.

ஜூனில் இறுதியாட்டம். எதிரே சந்திரோதயம். நிஷாந்தன் உடம்பைச் சூடாக்க இரண்டு முறை பந்தைக் கூடைக்குள் அடித்து இறக்கியதுமே, எதிரணித் தலைவர் ஆட்சேபனையோடு வந்துவிட்டார். தத்துப்பிள்ளைகளை வைத்திருந்தவருக்குத் திடீரென்று விதி ஞாபகம் வந்தது. கடிதத்தைப் பார்த்தார், நம்பவில்லை. தகப்பனைக் கூப்பிட்டு நடுவர்களுக்கு முன் நிறுத்தினார்.

"வாகீசரிலை படிச்சனீங்களோ? அப்ப அதிபரின்ரை கந்தோர் அறை எந்தப் பக்கம்?"

தில்லையம்பலம் அவருக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

"கேற்றாலை போனால் இடப்பக்கம்," என்றார் குணசேகரம். "வாசலிலை ஆக்கள் இருக்க ஒரு மர வாங்கு. ஒரு கால் உடைஞ்சு, கீழை கருங்கல் வைச்சிருந்தது. எதிர்ச் சுவரிலை பழைய அதிபர்மாற்றை படம் ஆறு. மூண்டாவது ஆளுக்கு மூக்குக்கண்ணாடி சரிஞ்சிருக்கும். பதினொரு மணிக்கு வெயில் வாங்கிலை விழும்."

வாகீசர்ப் பக்கத்தில் நின்ற வயதான இரண்டு பேர், "ஓம் ஓம், அந்த வாங்கு" என்று கண்ணைத் துடைத்தார்கள். ஆட்சேபனை தள்ளுபடி.

இடைவேளையில் தில்லையம்பலம் அவரை ஓரமாகக் கூட்டிப்போனார். "உமக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"எண்பத்துநாலிலை ஐயா என்னை அட்மிசனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர். காலமை ஏழு மணியிலையிருந்து பின்னேரம் நாலு மணி வரைக்கும் அந்த வாங்கிலைதான் இருந்தனாங்கள். பிறகு ஒரு ஆள் வந்து கட்டட நிதிக்கு எவ்வளவு குடுப்பியள் எண்டு கேட்டார். ஐயாவிட்டை பஸ் காசுதான் இருந்தது."

தில்லையம்பலத்துக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. உண்மையாகவே செய்தது. அவருடைய தகப்பன் அந்தக் கட்டட நிதிக்குக் கொடுத்தவர்களில் ஒருவர். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஆட்டம் தொடங்கி நிஷாந்தன் மூன்று புள்ளிக்கு எறிந்துவிட்டான். தலைவர் கைதட்ட ஓடினார்.

வாகீசர் இருபத்தேழு புள்ளியால் வென்றது. மூன்று மாதம் கோப்பை கடைக்குள் பருப்பு மூட்டைகளுக்கு மேல் நின்றது. சாமான் வாங்க வந்தவர்கள் அதைப் பார்க்காமல் மிச்சக் காசு வாங்க முடியாது.

செப்டெம்பரில் ரூ பஜோலுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் பொதுச்சபை கூடியது. தலைவர் தெரிவு வந்ததும் தில்லையம்பலம் கழுத்துப்பட்டியைச் சரிசெய்து, நன்றியுரையை மனதுக்குள் ஒருமுறை ஓடவிட்டார். அப்போது ஸ்ரீஸ்கந்தராசா எழுந்தார். கோப்பை வந்த வருடத்தில் தான் நின்றால் கட்டுக்காசும் மிஞ்சாது என்று கணக்குப் போட்டவர் அவர். தனக்குக் கிடைக்காத கதிரை மற்றவருக்கும் கிடைக்கக் கூடாது என்பது சங்கங்களின் எழுதாத யாப்பு விதி.

"எங்களுக்குக் கோப்பையைத் தந்த பிள்ளையைப் பெத்தவர், எண்பத்தொன்பதாம் ஆண்டு மாணவர், திரு. குணசேகரம் அவர்களை முன்மொழியிறன்."

மண்டபம் கைதட்டியது. பின் வரிசைகளில் இருந்த சமையலறைத் தொழிலாளிகள்தான் பலமாகத் தட்டினார்கள். ஒன்பது வருடமாக அவர்களை எவரும் முன்னால் வந்து இருக்கச் சொன்னதில்லை.

"ஆட்சேபனை இருக்கோ?"

தில்லையம்பலம் பாதி எழுந்தார். இவன் எங்கள் பள்ளிக்கூடமே இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால், கடிதத்தில் இருக்கும் கையெழுத்து யாருடையது? கோப்பை என்னாவது? கூரைக் காசு எங்கே? கள்ளனுக்குத் தேள் கொட்டினால் எப்படிக் கத்துவான்? மறுபடி உட்கார்ந்தார். முப்பத்தொன்றுக்கு இருபத்திரண்டு. கதிரை போயிற்று. கண்ணில் நீர் வந்தது. தும்மல் என்று சமாளித்தார்.

புதிய தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். நீளமாகப் பேசவில்லை.

"காசு குடுத்து வெளியாக்களைக் கொண்டாறது இனிக் கூடாது. சங்கத்துக்கு அது வெக்கம். விளையாடுறவையின்ரை தகப்பன்மாரும் அங்கத்தவரும் பள்ளிக்கூடத்திலை படிச்சதுக்குக் கடிதம் காட்டவேணும். இல்லாதவையின்ரை அங்கத்துவம் டிசெம்பரோடை முடியும்."

ஏகமனதாக நிறைவேறியது. தில்லையம்பலமும் கை உயர்த்தினார், உயர்த்தாவிட்டால் பார்ப்பார்களே. வீட்டுக்குப் போகும் வழியில்தான் யோசித்தார். அவருடைய சான்றிதழ்கள் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் பெட்டியோடு போய்விட்டன. அந்த மண்டபத்தில் இருந்த முக்கால்வாசிப் பேருக்கும் அதே கதைதான். வாகீசர் கல்லூரியில் படித்ததற்கு முத்திரை குத்திய கடிதம் பாரிசில் உறுதியாக ஒருவரிடம் இருந்தது.

மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் தொலைபேசி எடுத்தார்.

"தலைவர், நான் தில்லையம்பலம். எனக்கொரு கடிதம் வேணும். எண்பத்திரண்டாம் ஆண்டு. ஓ லெவல் சோதனை இரண்டு தரம் எடுத்தனான்."

மறுமுனையில் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. பிறகு குணசேகரத்தின் குரல் பணிவாக வந்தது.

"தரலாம் அண்ணை. உங்களோடை படிச்ச ரெண்டு பேரின்ரை கையெழுத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ. குறை நினைக்காதேங்கோ. நான் உங்களைப் பள்ளிக்கூடத்திலை காணேல்லைத்தானே."