ஐந்தாவது ஆல்பத்தின் வாடை

அந்த ராக் குழு தன் ஐந்தாவது ஆல்பத்துக்காகப் பதிவு செய்த முதல் பாட்டு மூன்றாம் நாளே நாற ஆரம்பித்தது. எலி ஏதாவது செத்துக்கிடக்கும் என்று சவுண்டு இன்ஜினியர் சுவரில் ஒட்டியிருந்த பஞ்சுப் பலகைகளையெல்லாம் பெயர்த்துப் பார்த்தார், தூசிதான் இருந்தது. பாட்டை ஓடவிட்டால் நாற்றம், நிறுத்தினால் இல்லை. அடுத்து பதிவு செய்த பாட்டு இன்னும் மோசம், ஊசிப்போன கறி மாதிரி. கிடார்க்காரர் அதைக் கேட்டபடியே பன் தின்னும் அளவுக்குப் பழகிவிட்டார்.

ட்ரம்ஸ் வாசித்த அக்காவுக்குத்தான் பழகவில்லை. பாடகன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இருபது வயதில் அவன் மைக்கைக் கடித்துக்கொண்டு அலறியபோது அரங்கமே சேர்ந்து அலறியது. இப்போது தொப்பையை பெல்ட்டுக்குள் திணித்து, நரைக்குச் சாயம் பூசி, காதலி ஏமாற்றிவிட்டாள் என்று அதே அலறலை அலறினான். சாயம் வியர்வையோடு கழுத்தில் வழிந்தது. அவனைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அலறலுக்குத் தோதாகத் தட்டிக்கொண்டிருந்த தன் கைகளைப் பார்த்தால் அதைவிட. ஆல்பத்தை வெளியிடும் கம்பெனிக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுவிட்டு, ரசிகர்களுக்கு இதுதான் வேண்டும், வாடைக்கு ஊதுபத்தி ஒன்றை இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்றார். அன்றைக்குப் பாட்டின் நடுவிலேயே அவள் எழுந்துபோய் வாந்தியெடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து குச்சிகளைப் பைக்குள் போட்டாள்.

"நான் கிளம்பறேன்டா. பொய்யா கத்தறதுக்கு இனிமே என்னால தாளம் போட முடியாது."

"நெஜத்தைப் பாடினா நீ தாங்குவியாக்கா?"

அவன் தரையில் உட்கார்ந்து, அலறாமல் தணிந்த குரலில் பாட ஆரம்பித்தான். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி வருஷம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் அவரைக் கழுவிவிட்டது, புண்ணைத் தொடக் குமட்டியது, அது தெரிந்து அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. வாராவாரம் வந்த அக்கா அறைக்கு வெளியிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனது.

அவள் போகவில்லை. பைக்குள் கைவிட்டுக் குச்சிகளுக்குப் பதிலாக மெல்லிய சத்தம் தரும் கம்பிப் பிரஷ்ஷை எடுத்து, ஈரத் துணியால் தரையைத் துடைப்பதுபோல ட்ரம்மின் மேல் தேய்க்க ஆரம்பித்தாள். அறையெங்கும் பினாயிலும் வலித் தைலமும் ஊறவைத்த படுக்கை விரிப்புமாக நாறியது. அழுகல் வாடை இல்லை, அப்பாவின் வாடை. அவளுக்கு மறுபடியும் குமட்டியது. விழுங்கிக்கொண்டு தேய்த்தாள். ஜன்னலைத் திறக்க எழுந்த இன்ஜினியர் திரும்ப உட்கார்ந்து ரெக்கார்டிங்கைப் போட்டார்.

மற்ற பாட்டுகளும் அந்தக் குரலிலேயே அமைந்தன. குழுவின் இசை பக்குவப்பட்டுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. பழைய ரசிகர்கள் பாதிப் பேர் திட்டிவிட்டுப் போனார்கள். கடைகளில் அந்த ஆல்பத்தைக் கதவு போட்ட அலமாரியில் வைக்கிறார்கள். வாங்குகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மோந்து பார்க்கிறார்கள். வாடை வராவிட்டால் போலி என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.