ஊசி அறைக்குப் பூட்டு

பத்தேமுக்கால் பேருந்து வரவில்லை. பதினொன்றேகால் பேருந்தும் வரவில்லை. வேல்ஸ் மலைச்சாரல் முகத்தில் அறைய, பதின்மூன்று மாதக் குழந்தை லவ்ரியைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள் நெரிஸ். முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் வேலை. கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் விடுப்பு வாங்கியிருந்தாள். முன்பெல்லாம் ஊசி போடும் சுகாதார நிலையம் வீட்டிலிருந்து நாலு எட்டு. போன ஆண்டு அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். இப்போது தட்டம்மைத் தடுப்பூசிக்கு இரண்டு பேருந்து மாறி மலைக்கு அந்தப்பக்கம் போக வேண்டும்.

மருத்துவமனைக்குக் கைப்பேசியில் அழைத்தாள்.

"நீ வராதது இது ரெண்டாவது தடவை கண்ணு. பட்டியல்லேர்ந்து பேரு தானா போயிடும். புதுசா பதியணும்," என்றாள் வரவேற்பறைப் பெண்.

"அன்னைக்கும் பஸ் வரல, இன்னைக்கும் வரல. பிள்ளையத் தூக்கிட்டுப் பறந்தா வரமுடியும்?"

"எனக்குப் புரியுதும்மா. கம்ப்யூட்டருக்குப் புரியாதே."

மறுபடி பதிந்தாள். ஏழு வாரம் தள்ளி நாள் கொடுத்தார்கள். ஐந்தாவது வாரமே லவ்ரிக்குக் காய்ச்சல் கொதித்தது, கண் சிவந்தது, முகமெல்லாம் தடிப்பு. தட்டம்மை நுரையீரலுக்கு இறங்கி, பதினொரு நாள் பிராணவாயுக் குழாயோடு கிடந்தாள். உயிர் தப்பியது. இடது காது போயிற்று. அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் பதினாறு குழந்தைகளுக்கு அம்மை.

அதற்குப் பிறகுதான் அதிகாரிகளுக்கு ஊருக்கு வழி தெரிந்தது. ரக்பி விளையாட்டு மன்றத்துக் கூடத்தில் ஊராரைக் கூட்டி, சுகாதாரத்துறை அதிகாரி ஹம்ஃப்ரீஸ் திரையில் வண்ணப்படம் காட்டினார்.

"இந்தப் பகுதிப் பெற்றோருக்கு ஆர்வம் கம்மி. நாப்பது பேர் ஊசிக்கு வரவேயில்ல. அதனால விழிப்புணர்வுத் துண்டறிக்கை அடிச்சிருக்கோம்."

நெரிஸ் எழுந்தாள்.

"ஆர்வம் இல்லாமலா ஐயா மழையில ஒன்றரை மணிநேரம் நின்னேன்? 'வரல'ன்னு எழுதுனீங்களே, ஏன் வரலன்னு ஒரு ஆளு கேட்டீங்களா? பூட்டின கதவுல துண்டறிக்கை ஒட்டினா, அம்மை அதப் படிச்சிட்டுத் திரும்பிப் போயிடுமா?"

"கொஞ்சம் அமைதியா பேசுங்கம்மா..."

"என் பொண்ணோட ஒரு காதுக்கு இனி எல்லாமே அமைதிதான்!"

அதிகாரியின் பக்கத்தில் இருந்த மூத்த செவிலி எலெரி மெல்ல எழுந்தாள்.

"நிலையத்த மூடலாம்னு எழுதின காகிதத்துல நானும் கையெழுத்துப் போட்டேன். தப்புன்னு தெரிஞ்சேதான் போட்டேன். வர்ற புதன்கிழமை மருந்துப்பெட்டியோட நான் இங்க வரேன். முடியாதுன்னா சார் இப்பவே இவங்க முகத்தப் பாத்துச் சொல்லட்டும்."

அதற்கு அனுமதி எழுதிக் கொடுக்கும்வரை ஊரார் ஹம்ஃப்ரீஸை வாசல் தாண்ட விடவில்லை.

புதன்கிழமை, மன்றம் திறக்கும் முன்பே குழந்தைவண்டிகள் தெருமுனைவரை நின்றன. வராத நாற்பது பேரில் முப்பத்தேழு பேர் வந்திருந்தார்கள். பார்வையிட வந்த ஹம்ஃப்ரீஸ், "நல்ல கூட்டம்!" என்று சிரித்தார்.

நெரிஸ் சிரிக்கவில்லை. "நோயத் தடுக்கிற மருந்து ஜனங்க நடந்துபோற தூரத்துல இருக்கணும் ஐயா. எட்டாத எடத்துல வெச்சுட்டு எங்களுக்கு அறிவில்லன்னு பழி போட்டா, அது நிர்வாகம் இல்ல, அநியாயம்."